மணலும் ஈயமும் மின்னிசையும்

தெம்பனிஸ் என்பது ஒரு மரத்தின் பெயர். இரும்பை நிகர்த்த வன்மை வாய்ந்த அம்மரம் சிங்கப்பூர்த் தீவின் கிழக்குப் பகுதியில் முன்னாளில் வளர்ந்திருந்தமையால் ஊருக்கும் அப்பெயரே வழங்கலாயிற்று. பின்னர் அங்கே ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. மணல் தோண்டும் குழிகளும் ஏற்பட்டன. 1980-களில் அவ்விடம் அடுக்குமாடி வீடுகள் நிறைந்த பெருநகராயிற்று. 1992-இல் உலக வாழ்விட விருதையும் பெற்றது. இன்று அவ்வூரின் ஓர் ஓரத்தில் சிலிக்கன் வில்லைகளின்மேல் நுண்ணிய மின்சுற்றுகளைப் பதிக்கும் ஆலைகள் நிற்கின்றன. மரம், ரப்பர், மணல், சிலிக்கன் என்று ஓர் ஊரின் வரலாற்றை நான்கு சொற்களில் அடக்கிவிடலாம்.

இவற்றை ஒன்றோடொன்று இணைத்துப் பார்க்க நாம் இன்று ஒரு சிறு பொருளை எடுத்துக்கொண்டோம். மின்சாரக் கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் ‘ஆம்ப்ளிஃபையர்’ பெட்டியும், அதற்கு முன் தரையில் கிடந்து வாசிப்போரின் காலால் மிதிபடும் ‘பெடல்’ என்னும் சிறு பெட்டியுமே அப்பொருள். “கிட்டாராவது பெட்டியாவது! நம் மக்களின் முன்னேற்றத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?” என்று முகஞ் சுளிப்போர் இருப்பர். அவர்கள் சற்றுப் பொறுத்து முழுவதையும் படிக்குமாறு வேண்டுகிறோம்.

முதலில் அப்பெட்டியின் இயல்பைச் சொல்வோம். மின்சாரக் கிட்டாரின் கம்பிகளுக்குக் கீழே காந்தமும், அதனைச் சுற்றி மயிரிழை போன்ற செம்புக் கம்பி பல ஆயிரம் சுற்றுச் சுற்றிய சுருளும் உள்ளன. கம்பி அதிர்ந்தால் சுருளில் மிகச் சிறிய மின்னழுத்தம் எழும். பெரும்பாலும் அது 1 வோல்ட்டுக்கும் குறைவே. அதனைப் பன்மடங்கு பெருக்கி ஒலிபெருக்கியின் கூம்பை அசைப்பதே ஆம்ப்ளிஃபையரின் வேலை. முற்காலத்தில் இவ்வேலையைக் கண்ணாடிக் குமிழாகிய வால்வு செய்தது. 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் பிறந்த டிரான்ஸிஸ்டர் பின்னர் அதன் இடத்திற் பெரும்பகுதியைக் கவர்ந்துகொண்டது.

பெருக்குவதற்கும் ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லைக்கு மேல் வால்வையோ டிரான்ஸிஸ்டரையோ நெருக்கினால் ஒலியலையின் முடி அறுபட்டுத் தட்டையாகும். அப்பொழுது மூலச் சுரத்தோடு வேறு பல மேற்சுரங்களும் கலந்து ஒருவகைக் கரகரப்பு எழும். பொறியியலார் இதனைக் குற்றம் என்றே நெடுநாள் கருதினர். ஆனால் நம் தம்புராவை எண்ணிப் பாருங்கள். குதிரையின்மேல் கம்பிக்கு அடியில் ஜீவாளி என்னும் நூலிழையைச் செருகி, வேண்டுமென்றே ஓர் இரைச்சலை உண்டாக்குகிறோம். அந்த நூலை எடுத்துவிட்டால் தம்புரா உயிரற்றுப்போகும். குற்றம் என்று ஒதுக்கிய ஒன்றில் சுவை இருப்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். மேனாட்டார் இதனை அறிந்த கதை வேடிக்கையானது.

1958-இல் லிங்க் ரே என்னும் கலைஞர் தம் ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பில் பென்சிலால் துளையிட்டு முரட்டொலி உண்டாக்கினார். 1961-இல் மார்ட்டி ராபின்ஸ் பாடி வெளிவந்த ஒரு பாட்டின் ஒலிப்பதிவு நாஷ்வில் நகரில் நடந்தபொழுது, பதிவுக் கருவியின் ஒரு பகுதி பழுதுற்று, இடையில் வந்த கிட்டார் இசை கரகரத்து ஒலித்தது. அதனை அழித்துவிடாமல் அப்படியே வெளியிட்டனர். மக்கள் விரும்பிக் கேட்டனர். பதிவுப் பொறியாளராகிய க்ளென் ஸ்னாடி அப்பழுதின் காரணத்தை ஆராய்ந்து, அதே ஒலியை வேண்டும்பொழுது தரும் ஒரு சுற்றை டிரான்ஸிஸ்டர்களால் அமைத்தார். அதுவே 1962-இல் கிப்ஸன் நிறுவனத்தார் மாஸ்ட்ரோ என்னும் பெயரில் விற்ற ‘ஃபஸ் டோன்’ பெட்டி. அதனுள் இருந்தவை மூன்று ஜெர்மேனியம் டிரான்ஸிஸ்டர்களும், சில சிறு உறுப்புகளும், 1.5 வோல்ட் மின்கலங்கள் இரண்டுமே. முதலில் வாங்குவார் இலர். 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் தம் பாட்டொன்றில் அதனைப் பயன்படுத்திய பின்னரே கடைகளில் இருந்தவையெல்லாம் விற்றுத் தீர்ந்தன.

இங்கே கருத்தூன்ற வேண்டியது ஒன்று உண்டு. பழுதைக் கண்டவுடன் கருவியைத் தூக்கியெறியாமல், “இஃது ஏன் இவ்வாறு ஆயிற்று?” என்று கேட்டவரே புதியதைக் கண்டார். பழுது பார்ப்பவரின் கேள்வி அது. இத்துறையின் பெரும்புகழ் பெற்ற பெயர்கள் பல பழுது பார்க்கும் கடையிலேயே தோன்றின. லியோ ஃபெண்டர் 1938-இல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் நகரில் திறந்தது வானொலி பழுது பார்க்கும் கடை. இலண்டனில் ஜிம் மார்ஷல் வைத்திருந்தது முரசு விற்கும் கடை. அவர் கடையில் பழுது பார்த்துவந்த கென் ப்ரானும், இளைஞராகிய டட்லி க்ரேவனும் ஃபெண்டரின் ஆம்ப்ளிஃபையர் ஒன்றை முன்மாதிரியாகக் கொண்டு, இங்கிலாந்தில் கிடைத்த உறுப்புகளால் 1962-இல் முதல் மார்ஷல் பெட்டியை அமைத்தனர்.

நம் சிங்கப்பூரிலும் சான்று உண்டு. 1981-இல் சிம் வோங் ஹூ தம் தோழரோடு பேர்ல்ஸ் சென்டரில் தொடங்கியது கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் சிறு கடை. அக்கடையே கிரியேட்டிவ் டெக்னாலஜி நிறுவனமாக வளர்ந்து, 1989-இல் ‘சவுண்ட் ப்ளாஸ்டர்’ என்னும் ஒலியட்டையை உலகுக்கு அளித்தது.

மின்சாரக் கிட்டார் இத்தீவில் வேரூன்றிய காலம் 1960-கள். 1961-இல் க்ளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவினரும் கேலாங்கிலிருந்த ஹேப்பி வோர்ல்ட் அரங்கில் வாசித்தனர். அதன்பின் தெருவுக்குத் தெரு இளைஞர் குழுக்கள் எழுந்தன. 1964-இல் க்வெஸ்ட்ஸ் என்னும் உள்ளூர்க் குழுவின் ‘ஷாண்டி’ என்னும் இசைத்தட்டு, பீட்டில்ஸ் குழுவினரின் பாட்டைக் கீழிறக்கி முதலிடம் பெற்றது. அக்குழுவில் புகழ்பெற்ற கிட்டார்க் கலைஞர் ரெஜி வர்கீஸ் என்னும் இந்தியர். மற்றையோர் சீனர் முதலியோர். மேடையில் யாரும் யாரையும் குலம் கேட்கவில்லை. சுருதி சேர்ந்ததா என்பதே கேள்வி.

இந்நாட்டின் தட்பவெப்பம் அக்கருவிகளுக்குப் பகையாயிற்று. ஜெர்மேனியம் டிரான்ஸிஸ்டரில் வெப்பம் ஏறுந்தோறும் மின்கசிவு மிகும். குளிர்நாட்டில் இனிது ஒலித்த பெட்டி இங்கே நண்பகலில் வேறு குரலிற் பேசும். ஈரக்காற்றால் திருகுகளும் இணைப்புகளும் களிம்பேறும். கண்டென்ஸர்களில் உள்ள ஈரப்பசை வெப்பத்தால் விரைவில் உலரும். ஆதலின் இங்கே கருவி வைத்திருப்போருக்குப் பழுது பார்ப்பவர் இன்றியமையாதவர் ஆனார். உறுப்பு வேண்டுவோருக்குச் சுங்கை ரோட்டுத் திருட்டுச் சந்தை இருந்தது. பெயர் திருட்டாயினும் பல ஏழைத் தொழிலாளருக்கு அது ஒரு கல்லூரி. பழைய வானொலி, வால்வு, கம்பி, மின்மாற்றி எல்லாம் தரையில் பரப்பிக் கிடக்கும். சில வெள்ளிக்கு வாங்கிப் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். 2017 ஜூலை 10-ஆம் நாள் அச்சந்தை மூடப்பட்டது. சிராங்கூன் ரோட்டிலிருந்து நடக்கும் தொலைவில் உள்ள சிம் லிம் டவரில் புது உறுப்புகள் இன்றும் விற்கப்படுகின்றன.

இனி நாம் சொல்ல வந்த செய்திக்கு வருவோம். அப்பெட்டிகளுள் இருப்பவை எங்கிருந்து வந்தன? உறுப்புகளை இணைக்கும் பற்றாசில் பாதிக்கு மேற்பட்டது வெள்ளீயம். மலாயாவின் கிந்தாப் பள்ளத்தாக்கில் தோண்டிய ஈயமண்ணை, 1890 முதல் சிங்கப்பூரின் பிராணித் தீவில் உருக்கி உலகெங்கும் அனுப்பினர். அக்காலத்து மின்கம்பிகளுக்கு உறையாக இருந்தது ரப்பர். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு அந்தப் பாலை எடுத்தவர் யார் என்பதைத் தோட்டத்து வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை.

காலம் மாறியது. 1968-இல் நேஷனல் செமிகண்டக்டரும் 1969-இல் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸும் சிங்கப்பூரில் ஆலை வைத்தன. 1972-இல் கோலாலம்பூரிலும் பினாங்கின் பாயான் லெப்பாஸிலும் மின்னணு ஆலைகள் எழுந்தன. தோட்டத்தையும் கம்பத்தையும் விட்டு வந்த மலாய், சீன, தமிழ்ப் பெண்கள் நுண்பெருக்காடியின் முன் மணிக்கணக்காகக் குனிந்திருந்து, மயிரினும் மெல்லிய கம்பிகளை இணைத்தனர். ஏறத்தாழ 1979-இல் ஜப்பானியர் ‘டியூப் ஸ்க்ரீமர்’ என்னும் பச்சை நிறப் பெடல் ஒன்றை வெளியிட்டனர். உலகின் பெரிய கிட்டார்க் கலைஞர் பலர் அதனைக் கொண்டாடினர். அந்தப் பழைய பெட்டிகளுட் சிலவற்றைத் திறந்தால், நடுவே ஆர்.சி.4558பி என்னும் சில்லு இருக்கும். அதன் முதுகில் ‘மலேசியா’ என்னும் சொல் பொறித்திருக்கும். இன்று அச்சில்லுக்காகவே பழைய பெட்டிகளைத் தேடுவோர் உளர்.

தோழர்களே, இதனைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஈயமும் ரப்பரும் இந்நாட்டு உழைப்பாளர் கையால் சென்றன. சில்லும் அவர் கையால் சென்றது. ஆனால் இவையெல்லாம் கூடி என்ன ஆயின என்பதை அக்கைகளுக்குரியவர் அறியவில்லை. அறியும் வாய்ப்பை யாரும் அளிக்கவுமில்லை. வேலை ஒருவருக்கு, விளக்கம் வேறொருவருக்கு என்னும் பிரிவினை எந்த ஆலை முதலாளியும் புதிதாகக் கண்டுபிடித்ததன்று. நம் நாட்டில் அது நெடுங்காலமாகச் சாதி என்னும் பெயரால் நிலவிவருகிறது. பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவனை வாசலில் நிறுத்தினோம்; தோலைப் பதப்படுத்தி முரசு கட்டியவனை ஊருக்கு வெளியே நிறுத்தினோம்; முரசொலியை மட்டும் கோயிலுக்குள் விட்டோம். தோட்டத்திலும் கைவேலை செய்பவனுக்குமேல் கணக்கெழுதும் கிராணியே பெரியவர் என்று கண்டோம். ஆதலால் மகன் திருப்புளியைக் கையில் எடுத்தால் தாய் தந்தையர்க்கு இன்றும் மனம் சுருங்குகிறது. மகள் எடுத்தாலோ இன்னும் சுருங்குகிறது.

புதியதை ஏற்க மறுக்கும் மனமும் இதற்கு உடன்பிறப்பே. பிடில் மேனாட்டிலிருந்து வந்த கருவி. பாலுசாமி தீட்சிதர் அதனைக் கற்றுக் கருநாடக இசைக்கு உரியதாக்கினார். இன்று அஃதில்லாத கச்சேரி அரிது. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் (1969–2014) எட்டுக் கம்பியுள்ள மாண்டலினை ஐந்து கம்பியுள்ள மின்கருவியாக மாற்றிக் கமகங்களை வாசித்தபொழுது, முதலில் ஐயுற்ற சபையினரே பின்னர் கைதட்டினர். கருவியைத் திருத்தியவர் இசையைக் கெடுக்கவில்லை; அதற்கு மற்றுமொரு குரல் தந்தார்.

இக்காலத்தில் மற்றொரு தடையும் சேர்ந்துள்ளது. இன்றைய கருவிகளின் உறுப்புகள் அரிசி நொய்யினும் சிறியவை. பலவற்றைப் பசையிட்டு மூடிவிடுகின்றனர். பழுதானால் எறிந்துவிட்டுப் புதியது வாங்கு என்பதே வாணிபத்தின் உபதேசம். சிங்கப்பூரில் ஆண்டுதோறும் சேரும் மின்னணுக் குப்பை ஏறத்தாழ 60,000 டன் என்று அரசாங்கத்தார் கணக்கிட்டுள்ளனர். இதற்கு மாறாக, 2014-இல் ‘ரிப்பேர் கோப்பித்தியாம்’ என்னும் இயக்கம் தோன்றிற்று. பழுதுற்ற பொருளை எடுத்துக்கொண்டு வருவோருக்குத் தொண்டர்கள் அருகிலிருந்து, தாமே சரிசெய்யக் கற்பிக்கின்றனர். பொருளைச் செப்பனிட்டுக் கையில் கொடுப்பதோடு நில்லாமல் அறிவையும் கொடுத்தனுப்பும் இம்முறையை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

கற்க விழைவோர்க்கு ஓர் எச்சரிக்கை கூறக் கடமைப்பட்டுள்ளோம். வால்வு ஆம்ப்ளிஃபையருள் 300, 400 வோல்ட் வரை அழுத்தம் உண்டு. சுவர் இணைப்பைப் பிடுங்கிய பின்னும் கண்டென்ஸர் அதனைத் தேக்கி வைத்திருந்து ஆளைக் கொல்லக்கூடும். எனவே புதியவர்கள் 9 வோல்ட் மின்கலத்தால் இயங்கும் பெடலிலிருந்து தொடங்குவதே நன்று. இரண்டு டிரான்ஸிஸ்டரும் ஒரு கைப்பிடி உறுப்புகளும் போதும். தவறினால் ஒலி வராது, அவ்வளவே. ஏன் வரவில்லை என்று தேடும் அந்த ஓர் இரவில் கற்பது பல பாடப்புத்தகத்தில் கிட்டாது.

2024 டிசம்பரில் தெம்பனிஸில் மற்றுமொரு பெரிய சிலிக்கன் ஆலைக்கு அடிக்கல் நாட்டினர். அவ்வூரிலேயே தெமாசெக் பலதுறைத் தொழிற்கல்லூரியும் இருக்கிறது. நம் பிள்ளைகள் அவ்வாலைக்குள் செல்வர், அதில் ஐயமில்லை. நம் பாட்டன் ரப்பர் மரத்தின்முன் நின்றதுபோலவும், நம் தாய்மார் நுண்பெருக்காடியின்முன் குனிந்ததுபோலவும், பொருளின் பயனறியாமல் அவர்களும் நிற்பதா? அன்றி, பெட்டியைத் திறந்து, “இஃது ஏன் இவ்வாறு ஆயிற்று?” என்று கேட்டு, விடையும் கண்டு நிற்பதா? இதனை முடிவு செய்யும் இடம் ஆலையன்று, நம் வீடே. மகனோ மகளோ பழைய வானொலியைப் பிரித்துத் தரையில் பரப்பியிருக்கக் கண்டால், அன்புள்ள பெற்றோரே, கடிந்துகொள்ளாதீர்கள். அருகில் அமர்ந்து விளக்கைப் பிடியுங்கள்.