பழைய நெற்களஞ்சியங்கள்

நெற்களஞ்சியம் என்பது அறுவடையான நெல்லை அடுத்த வெள்ளாமை வரையிலோ, அதற்கு மேலுமோ கெடாமல் வைத்திருக்கும் கட்டடம் அல்லது கலம். தமிழ்நாட்டில் இது உழவர் வீட்டுக் குதிர் முதல் கோயில் கொட்டாரம் வரை பல வடிவங்களில் இருந்தது. நெல் யாருடையது, எத்தனை நாளைக்கு வைக்க வேண்டும், சுற்றிலும் என்ன பொருள் கிடைக்கும் என்பவையே வடிவத்தை முடிவு செய்தன.

இவற்றின் பழமைக்குச் சங்க நூல்கள் சான்று. பெரும்பாணாற்றுப்படை, உழவர் வீடுகளில் ஏணிக்கும் எட்டாத உயரமுள்ள நெற்கூடுகளையும், உச்சியைத் திறந்து அவற்றில் சேர்த்துவைத்த பழைய தானியத்தையும் காட்டுகிறது. உச்சி வழியே நிரப்பும் இம்முறை கடைசிக் குதிர் வரை மாறவில்லை. சோழர் காலத்தில் கோயில்களே பெரும் நெல் இருப்பாளர்களாயின. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள், ராஜகேசரி என்ற அளவுக்கு ஒப்பான ஆடவல்லான் என்ற மரக்காலால் நெல் அளக்கப்பட்டதைக் குறிக்கின்றன. எட்டு நாழி ஒரு மரக்கால். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம்.

வீட்டுக் களஞ்சியங்களில் முதலில் சொல்லத் தக்கது குதிர். களிமண்ணோடு உமியும் நறுக்கிய வைக்கோலும் சேர்த்து மிதித்துப் பிசைந்து, வளையம் வளையமாக எழுப்புவர். ஒரு வளையம் காய்ந்த பிறகே அடுத்தது ஏறும். அவசரப்பட்டால் பாரம் தாங்காமல் விரிசல் விடும். மேல்வாயை மூடிப் பூசிவிட்டு, அடியில் உள்ள சிறு துளையில் துணி அடைத்து வைப்பார்கள். அடைப்பை எடுத்தால் அன்றைக்கு வேண்டிய நெல் சரிந்து விழும். பழைய நெல் முதலில் வெளியேற இதைவிட எளிய வழி கிடையாது. ஆள் ஒளியும் அளவுக்குக் குதிர் பெரிது என்பதை ‘எங்கப்பன் குதிருக்குள் இல்லை’ என்ற பழமொழி இன்றும் நினைவூட்டுகிறது.

பத்தாயம் மரத்தால் ஆனது. காவிரிப் பாசனப் பகுதியின் மிராசுதார் வீடுகளுக்கு உரியது. தரையின் ஈரமும் எலியும் அண்டாதபடி கால்களின் மேல் நிற்கும். சில வீடுகளில் ஓர் அறை அளவுக்குப் பெரிதாக இருந்ததால், ஏணி வைத்து ஏறித்தான் நெல்லைக் கொட்டினார்கள். பூச்சி வராமல் நொச்சித் தழையும் வேப்பந்தழையும் இடையிடையே போடுவது வழக்கம்.

சேர் என்பது நிலையான கலம் அன்று. வைக்கோலைப் புரியாக முறுக்கி, நெல்லைக் குவிக்கக் குவிக்கச் சுற்றிக்கொண்டே உயர்த்துவது. நெல் தீர்ந்தால் புரியைப் பிரித்துவிடலாம். விதைநெல்லுக்குக் கோட்டை கட்டினார்கள்: நெல்லை வைக்கோலால் பொதிந்து இறுக்கிச் சாணம் பூசுவது. மூங்கிலால் பின்னி மண் பூசிக் கூரை வேய்ந்த தொம்பை வடமாவட்டங்களில் மிகுதி. புன்செய் நிலப்பகுதிகளில் சோளத்தைக் குழி வெட்டிப் புதைத்தனர். குழியைத் திறந்த உடனே இறங்கினால் உள்ளே தேங்கிய காற்று ஆளைக் கொன்றுவிடும் என்பதால், வெகுநேரம் திறந்துவைத்த பிறகே இறங்குவார்கள்.

செங்கல் களஞ்சியங்களில் தலைசிறந்தது பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறை பாலைவனநாதர் கோயிலில் உள்ளது. தஞ்சையை ரகுநாத நாயக்கர் ஆண்ட 1600–1634 காலத்தது. வட்டமான சுவர், கூம்பிய முகடு, ஏறத்தாழ 36 அடி உயரம். 3,000 கலம், அதாவது 36,000 மரக்கால் நெல் கொள்ளும். பஞ்சத்துக்காகக் கட்டப்பட்டது என்று சொல்வோர் உண்டு. கோயில் வளாகத்துக்குள் இருப்பதால் கோயில் நிலங்களின் வருவாய் நெல்லுக்கானது என்று கொள்வதே பொருத்தம். வட்ட வடிவத்துக்குக் காரணம் அழகு மட்டுமன்று. நெல் சுவரை வெளிப்புறமாகத் தள்ளும். சதுரக் கட்டடத்தில் அந்த அழுத்தத்தால் மூலைகள் பிளக்கும், வட்டத்தில் அது எங்கும் சமமாகப் பரவும். திருவரங்கம் கோயிலிலும் இவ்வகைக் கூம்புக் களஞ்சியங்கள் வரிசையாக உள்ளன. செஞ்சிக் கோட்டையின் களஞ்சியங்களோ வேறு மரபு. தடித்த சுவரும் வளைந்த கூரையும் கொண்டவை, முற்றுகைக் காலத்துக்கான ஏற்பாடு.

பழைய களஞ்சியங்கள் வீழ்ந்ததற்கு மழையையும் கறையானையும் குறை சொல்வது போதாது. நெல் ஊரில் தங்காமல் போனதே காரணம். 1956ஆம் ஆண்டின் நியாய வாரச் சட்டத்தால் மிராசுதாருக்கு வந்த நெல் குறைந்தது. 1965 ஜனவரியில் இந்திய உணவுக் கழகம் தொடங்கப்பட்டபோது அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரிலேயே அமைந்தது. 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்தது. களத்திலிருந்து நெல் நேரே கொள்முதல் நிலையத்துக்குப் போக, வீட்டில் காலியாக நின்ற பத்தாயம் இடத்தை அடைக்கும் பொருளாகிவிட்டது. கூட்டுக்குடும்பம் பிரிந்தபோது பலகைகளும் பிரிந்தன. பல பத்தாயங்கள் பழம்பொருள் கடைகளுக்குப் போய், மேசையாகவும் கதவாகவும் மாறின. குதிர்களை உடைத்துக் கொல்லையில் கொட்டினார்கள். செங்கல் கட்டடங்களைக் கெடுப்பவை முகட்டில் முளைக்கும் அரசும் ஆலும். அவற்றைவிடக் கெடுப்பது சுண்ணாம்புச் சுவரின் மேல் அப்பும் சிமென்ட். அது ஈரத்தை வெளியே விடாமல் பழைய செங்கலை உள்ளேயே உதிர்க்கிறது. பழைய களஞ்சியத்தைச் சிமென்ட்டால் செப்பனிடுவது அதைக் கைவிடுவதைவிடக் கேடு.

இன்று திருப்பாலைத்துறைக் களஞ்சியம் மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. செஞ்சிக் கோட்டை 2025இல் மராத்தியப் படைக்கோட்டைகளின் தொகுதியில் உலக மரபுச் சின்னமாயிற்று. பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் பட்டியலில் உழவர் வீட்டுக் குதிருக்கும் பத்தாயத்துக்கும் இடமில்லை.