ரேடியோ நெல் முதல் ஒட்டன்சத்திரம் சந்தை வரை

1960-களில் தஞ்சாவூர்ப் பக்கம் ஏடிடி-27 ரகத்துக்கு ‘ரேடியோ நெல்’ என்றே பேர். திருச்சி வானொலி சொல்லி, வயலுக்கு வந்த நெல் அது. அப்போதைய கேள்வி ஒன்றுதான்: விளைச்சலை எப்படிக் கூட்டுவது? 1980-களில் உலக வங்கி உதவியோடு நடந்த ‘பயிற்சியும் பார்வையும்’ திட்டத்திலும் அதே கேள்விதான். அலுவலர் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, சொன்ன கிழமையில் ஊருக்கு வரணும். 2004-ல் கிசான் கால் சென்டர், 2018-ல் உழவன் செயலி. (மென்பொருள் எழுதுகிறவன் நான், ஆனாலும் செடியைப் பிடுங்கி வேரைப் பார்க்க ஆள்தான் வேணும்.)

திண்டுக்கல் பக்கம் கேள்வியே மாறிவிட்டது. ஒட்டன்சத்திரம் சந்தைக் காய்கறி கேரளாவை நம்பியிருக்கிறது. 2015-ல் தமிழ்நாட்டுக் காய்கறியில் பூச்சிமருந்து எச்சம் இருப்பதாகக் கேரளா பிரச்சினை எழுப்பியது. மருந்தடித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம்? அவசரத்துக்கு விவசாயி கேட்பது மருந்துக்கடைக்காரரிடம். மருந்தை விற்பவரும் அவரேதான்.