திருகாணி போய் பசை வந்த கதை

காரின் பின்விளக்கைத் திறக்க ஒரு காலத்தில் ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். இன்று அதே வேலைக்குப் பையன்கள் ஹீட் கன், சமையலறை ஓவன், சின்ன ரம்பம் வரை போகிறார்கள். நடுவில் என்ன நடந்தது? பி.காம். படித்துவிட்டு வங்கியில் கோப்பு புரட்டுகிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். கார் கடன் கொடுக்கிறவனுக்குக் காரின் முன்னும் பின்னும் கொஞ்சமாவது தெரிய வேண்டாமா?

கதையை முன்விளக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும். 'சீல்' என்கிற சங்கதி அங்கேதான் வந்தது. ஆரம்ப காலக் கார்களில் எரிந்தவை மண்ணெண்ணெய் விளக்கும் கார்பைடு விளக்கும்தான். தண்ணீர் சொட்டினால் வாயு கிளம்பி எரியுமே, தாத்தா காலத்துத் திருவிழாக் கடைகளில் இருந்த அதே கார்பைடு. 1912-ல் காடிலாக் கார் மின்சார ஸ்டார்ட்டரும் மின்விளக்குமாக வந்தது. மற்றவர்களும் மெல்லப் பின்தொடர்ந்தார்கள்.

மின்விளக்கு வந்ததும் புதுத் தொல்லை ஒன்று கூடவே வந்தது. பல்புக்குப் பின்னால் இருந்த வெள்ளி முலாம் பூசிய கிண்ணம் தூசியும் ஈரமும் பட்டுக் கறுத்தது. காரின் சொந்தக்காரர் குத்துவிளக்கைத் துலக்குவதுபோல அதைத் தேய்த்தார். கறுப்போடு முலாமும் சேர்ந்து போனது. வண்டி புதிதாக இருந்தபோது வந்த வெளிச்சம் இரண்டு மூன்று வருடத்தில் பாதியாகிவிடும்.

இதற்கு அமெரிக்கர்கள் கண்ட வழி, யாரும் திறக்கவே முடியாதபடி செய்துவிடுவது. 1940 மாடல் கார்களிலிருந்து ஏழு அங்குல வட்டமான 'சீல்டு பீம்' விளக்கு அங்கே கட்டாயமானது. கண்ணாடி, அலுமினியம் பூசிய கிண்ணம், உள்ளே எரியும் இழை எல்லாம் ஒரே உருப்படி. இழை அறுந்தால் மொத்தத்தையும் கழற்றி எறிய வேண்டியதுதான். ஐரோப்பாவோ பல்பை மட்டும் மாற்றும் முறையிலேயே இருந்தது.

எறிவது ஊதாரித்தனமாகத் தெரியலாம். ஆனால் கணக்குப் பார்த்தால் அப்படி இல்லை. எந்தக் கம்பெனி வண்டியானாலும் விளக்கின் அளவு ஒன்றே என்பதால் எந்த ஊர்க் கடையிலும் குறைந்த விலைக்குக் கிடைத்தது. சீல் வைத்திருந்தார்கள், ஆனால் வாடிக்கையாளரின் கையைக் கட்டிப் போடவில்லை. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1983-ல் அமெரிக்க அரசு விதியைத் தளர்த்தியது. 1984 மாடல் லிங்கன் மார்க் செவன் பல்பை மாற்றக்கூடிய விளக்கோடு வந்தது. அதன்பின் ஒவ்வொரு மாடலுக்கும் தனித்தனி வடிவம். முகத்துக்கு முகம் மூக்கு வேறு என்பதுபோல விளக்கு காரின் அடையாளமாகிவிட்டது. பழைய பொது அளவு போயிற்று. விலையும் கம்பெனி சொன்ன விலையாயிற்று.

நம் நாட்டுப் பின்விளக்குக்கு வருவோம். உத்தர்பாராவின் அம்பாசிடர், மும்பையின் பத்மினி காலத்தில் சிவப்பு மூடியை இரண்டு மூன்று திருகாணிகளும் ஒரு ரப்பர் வளையமும் பிடித்துக்கொண்டிருக்கும். மூடி உடைந்தால் மூடியை மட்டும் வாங்கலாம். கீழே உட்கார்ந்து பத்து நிமிடத்தில் மாட்டிவிடலாம். சென்னைக்காரர்களுக்கு இதில் ஒரு சொந்தமும் உண்டு. இங்கிலாந்தின் லூகாஸும் நம் டி.வி.எஸ்.ஸும் சேர்ந்து 1960-களின் தொடக்கத்தில் பாடியில் வாகன மின்சாதனத் தொழிற்சாலை தொடங்கின. 'லூகாஸ்' என்று பேருந்து நிறுத்தத்துக்கே பெயர் வந்துவிட்டது.

பிறகு பிளாஸ்டிக் காலம். பின்விளக்கின் மூடி அக்ரிலிக், உடல் ஏ.பி.எஸ். இரண்டையும் திருகாணி போட்டு இணைப்பதைவிட விளிம்பை உருக்கி ஒட்டவைப்பது தொழிற்சாலைக்கு எளிது. தண்ணீர் புகாது, ஆள்கூலி மிச்சம். சில விளக்குகளில் மட்டும் பியூட்டைல் என்னும் பிசின் போன்ற பசை.

வீட்டில் திறப்பவர்களுக்குச் சிக்கல் இங்கேதான். பாலிகார்பனேட் மூடி போட்ட முன்விளக்கு சூடு தாங்கும். நூறு டிகிரியை ஒட்டிச் சூடாக்கினால் பசை இளகி மூடி வந்துவிடும். பின்விளக்கின் அக்ரிலிக்கோ அதே நூறு டிகிரியை ஒட்டியே தானும் இளக ஆரம்பித்துவிடும். பசை இளகுவதற்குள் மூடி கோணிக்கொள்ளும். உருக்கி ஒட்டியதாக இருந்தால் எவ்வளவு சூடு காட்டியும் பயனில்லை, ரம்பத்தால் அறுக்கத்தான் வேண்டும். அறுத்ததைத் திரும்ப ஒட்டும்போது ஊசிமுனை இடைவெளி விட்டாலும் மழைத்தண்ணீர் உள்ளே குடிவந்துவிடும்.

எங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு வந்தது. ஒரு காலத்தில் தமிழ்க் குடும்பங்கள் நிறைந்திருந்த தில்லி கரோல்பாக், இப்போது கார் அலங்காரச் சாமான்களுக்கும் பெயர் போனது. கல்லூரியில் படிக்கும் மகன் அங்கே போய்வந்து, "அப்பா, பின்விளக்கைத் திறந்து உள்ளே எல்.இ.டி. வரிசை வைத்து, மேலே கறுப்புப் பூச்சு அடிக்கலாமா?" என்றான். அவன் கைத்திறமையில் எனக்குச் சந்தேகமே கிடையாது, வீட்டு மிக்ஸியை அவன்தான் சரிசெய்வான். ஆனாலும் அவனுக்கு இரண்டு விஷயங்கள் சொன்னேன்.

முதலாவது ஒரு பழைய சோதனை. 1974-ல் சான் பிரான்சிஸ்கோவில் ஜான் வோவோட்ஸ்கி என்ற உளவியலாளர் 343 டாக்ஸிகளின் பின்னால் மூன்றாவதாக ஒரு பிரேக் விளக்கை வைத்துப் பார்த்தார். பத்து மாதத்தில், அந்த விளக்கு இல்லாத டாக்ஸிகளைவிட இவற்றைப் பின்னாலிருந்து மோதுவது சுமார் 60 சதவீதம் குறைந்திருந்தது. 1986 மாடல் கார்களிலிருந்து அமெரிக்கா அதைக் கட்டாயமாக்கியது. எல்லா வண்டியிலும் வந்து கண் பழகியபின் நிலைத்த பலன் நான்கு சதவீதத்தை ஒட்டித்தான். இருந்தாலும் நாடு முழுவதற்கும் கணக்கிட்டால் அது எத்தனை உயிர்! ஒரு சின்னச் சிவப்பு விளக்குக்கே இத்தனை மதிப்பு என்றால், இருப்பதை மங்கலாக்கினால் என்ன ஆகும்? இன்னொன்று, பின்விளக்கு மூடியில் தேன்கூடு போலக் கட்டம் கட்டமாக ஒரு பகுதி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பல்பு எரியாவிட்டாலும் பின்னால் வரும் வண்டியின் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவது அதுதான். கறுப்புப் பூச்சு முதலில் அதைத்தான் குருடாக்கும். தில்லியின் ஜனவரி மூடுபனியில் வண்டி ஓட்டியவர்களுக்கு மேலே விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது சட்டம். கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது என்று கேரள வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து என்று வந்தால் காப்பீட்டுக்காரர் முதலில் தேடுவதும் இந்த மாதிரி ஓட்டையைத்தான்.

அதற்காகத் திறப்பதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. உள்ளே ஈரம் கோத்த விளக்கைப் பக்குவமாகத் திறந்து, துடைத்து, பழையபடி ஒட்டுவது நல்ல வேலை. ஒரு சொட்டுத் தண்ணீருக்காகப் பல ஆயிரம் ரூபாய் விளக்கை முழுசாக மாற்றச் சொல்வது நியாயமா என்று நடுத்தரக் குடும்பத்துக்காரன் கேட்கத்தான் செய்வான். 1940-ல் சீல் வைத்தபோது கூடவே பொது அளவையும் கொடுத்தார்கள். இன்று சீல் மட்டும் மிச்சம் இருக்கிறது. நம் கோபம் அங்கே போகட்டும்.

திறந்து பழுது பார்ப்பவர்கள் பார்த்துவிட்டுப் போகட்டும். ஆனால் முடித்தபின் ஒருவரை பிரேக்கை அழுத்தச் சொல்லி, இரவில் ஒருமுறை, உச்சிவெயிலில் ஒருமுறை, ஐம்பது தப்படி பின்னால் நின்று பாருங்கள். முன்பிருந்த சிவப்பு அப்படியே தெரிய வேண்டும். பின்விளக்குக்குக் காசு கொடுப்பது நாமாக இருந்தாலும், அது எரிவது பின்னால் வருகிற முகம் தெரியாத மனிதருக்காக.