பிச்சைக்கு உதவாத கை

1940களின் கடைசியில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சை செய்து நிமிர்த்தத் தொடங்கினார்கள். கை சரியாகி ஊருக்குப் போன சிலர் கொஞ்ச நாளில் முகம் வாடித் திரும்பி வந்தார்கள். முன்பு கோணல் கையை நீட்டினால் காசு விழும், நிமிர்ந்த கைக்கு யாரும் போடுவதில்லை. தழும்பைப் பார்த்து வேலையும் தருவதில்லை, வாடகைக்கு வீடும் தருவதில்லை. வைத்தியம் வெற்றி, பிழைப்பு போச்சு.

அந்தப் புகாரைக் கேட்டுக்கொண்டவர் டாக்டர் பால் பிராண்ட். எங்கள் ரஞ்சன்குடிக்கு மேற்கே பச்சைமலை, அதைத் தாண்டினால் கொல்லிமலை. 1914இல் அவர் பிறந்தது அங்கேதான். மருத்துவம் படிக்கும் முன் லண்டனில் கட்டட வேலையும் தச்சு வேலையும் பழகியவர். 1946இல் வேலூருக்கு வந்தார். மறுவருடம் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையில், விரல் மடங்கிய ஒரு நோயாளியிடம் தன் கையை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். வலி தாங்க முடியாத பிடி! செத்துப்போன கை என்று எல்லோரும் நினைத்ததில் நல்ல தசைகள் மிச்சமிருந்தன.

அந்த நல்ல தசையின் தசைநாணை எடுத்து, வேலை செய்யாத விரலுக்கு மாற்றிப் பொருத்துவதுதான் அவர் செய்த அறுவை சிகிச்சை. மோதிர விரலை மடக்கும் நாணைக் கட்டைவிரலுக்கு மாற்றினால், நோயாளி மோதிர விரலை மடக்க நினைக்க வேண்டும், அப்போதுதான் கட்டைவிரல் அசையும். வயரை மாற்றிச் சொருகியாயிற்று, ஆனால் உள்ளே ஓடும் புரோகிராம் பழையது. அதைத் திருத்தி எழுதுவது சர்ஜன் அல்ல. வாரக்கணக்கில் உட்கார்ந்து பழகும் நோயாளியும், பக்கத்திலிருந்து பழக்குகிறவரும்தான்.

விரல் அசைந்தால் மட்டும் போதுமா? 1951இல் கல்லூரி வளாகத்திலேயே குடிசைகளும் ஒரு தச்சுப்பட்டறையுமாக 'நவஜீவ நிலையம்' உருவானது. சிகிச்சை முடிந்தவர்கள் அங்கே தங்கி மரப் பொம்மைகள் செய்தார்கள். கையோடு சேர்த்து ஒரு தொழிலையும் கொண்டு ஊருக்குப் போவது நோக்கம்.

பட்டறையில்தான் அடுத்த சிக்கல் தெரிந்தது. கைகளில் புதுப்புதுப் புண்கள். நம்ம ஊர்க் காட்டில் மண்வெட்டி பிடிக்கிறவர், காம்பு உறுத்தினால் யோசிக்காமலே பிடியை மாற்றிக்கொள்வார். தொழுநோய் நரம்பைக் கெடுத்த கைக்கு உறுத்தலே தெரியாது. பிராண்ட் ஒரு சம்பவம் சொல்வார்: துருப்பிடித்த பூட்டைத் திறக்க முடியாமல் அவர் திணறியபோது, ஒரு சிறுவன் சாவியை வாங்கிச் சட்டென்று திறந்துவிட்டான். பார்த்தால் அவன் விரல் எலும்பு தெரியக் கிழிந்திருந்தது. அவனுக்கு எதுவுமே தெரியவில்லை. விரல்கள் நோயால் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாமல் பட்ட காயங்களால்தான் தேய்கின்றன என்பது இப்படித்தான் உறுதிப்பட்டது. அதன்பிறகு ஒவ்வொரு புண்ணுக்கும் எது காரணம் என்று தேடினார்கள், கருவிகளின் பிடிகளை மாற்றினார்கள், தினமும் கையைக் கண்ணால் பார்த்துச் சோதிக்கப் பழக்கினார்கள். வலி செய்ய வேண்டிய வேலையைக் கண் ஏற்றுக்கொண்டது.

இதற்கெல்லாம் ஆக்குபேஷனல் தெரபி என்று பெயர். தமிழில் தொழில்வழிச் சிகிச்சை என்கிறோம். 'தொழில்' என்றதும் சம்பளம் மட்டும் ஞாபகம் வருகிறது. சோற்றைப் பிசைவது, சட்டைப் பொத்தான் போடுவது, தலை சீவுவது எல்லாமே இதில் சேர்த்தி. அமெரிக்காவில் 1917இல் இதற்குச் சங்கம் அமைந்தது. இந்தியாவில் கமலா நிம்ப்கர் 1950இல் பம்பாயில் முதல் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார்.

வேலூரில் இந்த வேலையை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோனவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954இல் ஒரு சாலை விபத்தில் அவருக்கு இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வந்தார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. தண்டுவடம் அடிபட்டவர்கள் அங்கே படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறவும், தானே குளிக்கவும், உடுத்தவும் கற்றுக்கொண்டார்கள். கற்றுக்கொடுத்த டாக்டரும் அதே நாற்காலியில் இருந்தார்.

நாம் இன்றும் டிஸ்சார்ஜ் ஆன தேதியைத்தான் குணமான தேதியாக எண்ணுகிறோம். பக்கவாதம் வந்தவரை வீட்டுக்குக் கூட்டிவந்ததும் "இனி ரெஸ்ட் எடுங்க" என்று கட்டிலில் விட்டுவிடுகிறோம், சோற்றையும் நாமே ஊட்டிவிடுகிறோம். அன்பில் செய்வதுதான். ஆனால் வேலூருக்குத் திரும்பிவந்த அந்த மனிதர்கள் கேட்டது வேறு: நிமிர்ந்த இந்தக் கைக்கு ஒரு வேலை.