இரண்டு மீட்டருக்கு மேலே: இங்கிலாந்தின் உயிர்வேலிச் சட்டமும் அது கணக்கில் எடுக்காத காலமும்

இங்கிலாந்தில் வீட்டுத் தோட்டத்தைச் சுற்றிப் பலகைவேலி அடைக்க நினைப்பவருக்குச் சட்டம் ஓர் எண்ணைக் கையில் கொடுத்துவிடுகிறது. பக்கத்து வீட்டு எல்லையில் 2 மீட்டர் உயரம் வரை யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. வண்டி போகும் சாலையை ஒட்டிய பக்கத்தில் அந்த அளவு 1 மீட்டர். 2015ஆம் ஆண்டின் பொது அனுமதி மேம்பாட்டு ஆணை இதைச் சொல்கிறது. ஒரு பலகை கூடினாலும் உள்ளூர்க் கவுன்சிலின் திட்ட அனுமதி வேண்டும். அதே எல்லைக்கோட்டில் பலகைக்குப் பதிலாக வரிசையாகச் செடிகளை நட்டுவிட்டால் கதை மாறுகிறது. நடுவதற்கு அனுமதி தேவையில்லை. எவ்வளவு உயரம் வளரலாம் என்ற வரம்பும் கிடையாது. பக்கத்து வீட்டின் மேல் விழும் நிழல் என்னவோ ஒன்றுதான்.

உயிர்வேலிக்கும் 2 மீட்டர்தான் உச்சம் என்று அந்த நாட்டிலேயே பலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைக்குக் காரணம் 2003ஆம் ஆண்டின் சமூகவிரோத நடத்தைச் சட்டம். அதன் எட்டாம் பகுதி உயரமான உயிர்வேலிகளைப் பற்றியது. இங்கிலாந்தில் 2005 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. ஆனால் அதில் வரும் 2 மீட்டர் உச்சவரம்பு அல்ல, புகார் கொடுக்கத் தகுதி பிறக்கும் அளவு மட்டுமே. வேலி அதைத் தாண்டியபின் பாதிக்கப்பட்டவர் கவுன்சிலை அணுகலாம். கவுன்சில் இரு தரப்பையும் எடைபோட்டு முடிவு சொல்லும். 5 மீட்டர் உயர வேலியும் யாருக்கும் இடைஞ்சல் இல்லையென்றால் சட்டப்படி நிற்கலாம்.

இந்த நெகிழ்வைத்தான் சட்டத்தின் பலவீனமாக விமர்சகர்கள் சுட்டுவது வழக்கம். பலகைக்கு உள்ளதுபோல் செடிக்கும் ஓர் எண்ணை வைத்திருந்தால் இத்தனை வழக்கும் வாய்தாவும் வேண்டியிருக்காது என்பது அவர்கள் வாதம். இக்கட்டுரை அதை ஏற்கவில்லை. ஆளுக்கு ஆள், தோட்டத்துக்குத் தோட்டம் பார்த்து முடிவு செய்வது உயிர்வேலிக்குப் பொருத்தமான முறைதான். கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. ஆண்டுதோறும் வளரும் ஒன்றை, எழும்பி முடிந்த சுவரைப் பார்ப்பதுபோல் சட்டம் பார்க்கிறது. வேலியின் உயரத்தை அளக்கத் தெரிந்த சட்டத்துக்கு அதன் வயதைக் கணக்கில் எடுக்கத் தெரியவில்லை.

2003க்கு முன் இருந்த நிலையைப் பார்த்தால் புதிய சட்டம் நிரப்பிய இடைவெளி புரியும். எல்லை தாண்டி நீளும் கிளையைப் பக்கத்து வீட்டார் தம் பக்கத்தில் நின்றபடி, முன்னறிவிப்புகூட இல்லாமல், எல்லைக்கோடு வரை வெட்டலாம் என்று லெமன் எதிர் வெப் வழக்கில் பிரபுக்கள் சபை 1894இல் தீர்ப்பளித்தது. வெட்டிய கிளை மரத்துக்காரருக்கே சொந்தம்; அதிலிருக்கும் பழமும் அவருடையதே. ஆகவே பக்கவாட்டு வளர்ச்சிக்கு மருந்து இருந்தது. மேல்நோக்கிய வளர்ச்சிக்குத்தான் இல்லை. 1832ஆம் ஆண்டின் அனுபவ உரிமைச் சட்டப்படி 20 ஆண்டுகள் தடையில்லாமல் பெற்ற வெளிச்சத்துக்கு உரிமை கொண்டாடலாம் என்றாலும், அது கட்டடத்தின் சன்னலுக்கு மட்டுமே உரியது. அதே 20 ஆண்டுக் கணக்கும் கட்டடம் என்ற வரையறையும் 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவிலும் இருப்பதைத் தமிழகத்து வழக்கறிஞர்கள் அறிவார்கள். தக்காளிப் பாத்திக்கோ, வெயில் காயப் போட்ட நாற்காலிக்கோ வெளிச்ச உரிமை என்று எதுவும் இல்லை.

அந்த இடைவெளிக்குள் ஒரு மரம் புகுந்தது. வேல்ஸில் வெல்ஷ்பூல் அருகிலுள்ள லெய்டன் மாளிகைத் தோட்டத்தில் 1888இல் இரண்டு சைப்ரஸ் இனங்கள் தற்செயலாகக் கலந்தன. ஒன்று கலிபோர்னியாவின் மான்டெரே கடற்கரைக்கு உரியது. மற்றது அதற்கு வெகு வடக்கே, நூட்கா விரிகுடா பெயர் தாங்கியது. இயற்கையில் ஒன்றையொன்று சந்திக்க வாய்ப்பே இல்லாத இவ்விரண்டும் ஒரு செல்வந்தரின் சேகரிப்பு மோகத்தால் அக்கம்பக்கத்தில் நின்றன. முளைத்த நாற்றுகளை அச்செல்வந்தரின் குடும்பத்தைச் சேர்ந்த சி. ஜே. லேலாண்டு நார்தம்பர்லாந்தில் இருந்த தம் ஹேகர்ஸ்டன் கோட்டைக்குக் கொண்டுபோனார். மரத்துக்கு லேலாண்டி என்ற பெயர் அவரால் வந்தது. போத்து வெட்டி வைத்தால் வேர் பிடிக்கும், ஆண்டுக்கு ஏறத்தாழ 1 மீட்டர் உயரும், இலையுதிர்க்காது, கடற்காற்றுக்கும் அசையாது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில், நெருக்கியடித்த புறநகர் வீடுகளில் மறைப்பு தேடியவர்களுக்கு நாற்றுப் பண்ணைகள் இதையே விற்றன. மூன்றே ஆண்டுகளில் மறைப்பு கிடைத்தது. வளர்ச்சி மட்டும் அதோடு நிற்கவில்லை.

தகராறுகள் பெருகின. கைகலப்பு வரை போனவையும் உண்டு. லெய்டன் மாளிகை இருக்கும் அதே பாவிஸ் மாவட்டத்தில் 2001இல் நடந்த ஒரு கொலைக்கு லேலாண்டி வேலித் தகராறே காரணம் என்று சொல்லப்பட்டது. ஹெட்ஜ்லைன் என்ற அமைப்பு பாதிக்கப்பட்டவர்களைத் திரட்டிப் பிரசாரம் செய்தது. நாடாளுமன்றத்தில் தனிநபர் மசோதாக்கள் வந்து தேறாமல் போயின. கடைசியில் அரசே முன்வந்து, சுவர்க்கிறுக்கல் போன்றவற்றுக்கான ஒரு மசோதாவில் உயிர்வேலியையும் சேர்த்துவிட்டது. செடி வளர்த்தவர் சமூகவிரோதிகளின் வரிசையில் நின்றது வேடிக்கைதான்.

சட்டம் எதை உயிர்வேலி என்கிறது? இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பசுமை மாறா மரங்களோ செடிகளோ வரிசையாக நிற்க வேண்டும். அவை 2 மீட்டருக்கு மேல் உயர்ந்து, வெளிச்சத்தையோ வழியையோ மறைக்க வேண்டும். தனி மரம் எவ்வளவு பெரிதானாலும் இதில் வராது. ஓக், மேப்பிள் போன்று இலையுதிர்ப்பவை வராது. பீச் வேலி குளிர்காலம் முழுக்கக் காய்ந்த இலையைப் பிடித்துக்கொண்டு நின்று ஏறக்குறைய அதே அளவு மறைத்தாலும், அரசு வழிகாட்டுதல் அதை விலக்கியே வைக்கிறது. மூங்கிலும் ஐவிக் கொடியும் விலக்கு. வேர் பாய்ந்து அஸ்திவாரம் விரிந்தாலும் அது இச்சட்டத்தின் கீழ்ப் புகாராகாது. உயரம் தரும் இடைஞ்சல் ஒன்றே கேள்வி. சட்டம் எழுதியவர்கள் கண்முன் லேலாண்டி ஒன்றே நின்றது என்பதற்கு இந்த வரையறையே சாட்சி. ஸ்காட்லாந்து இதைக் கவனித்துத் திருத்திக்கொண்டது. அங்கு 2013இல் இயற்றி 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டம், பசுமை மாறாத இனம் என்ற நிபந்தனையைக் கைவிட்டது.

புகார் வந்தபின் கவுன்சில் அதிகாரி என்ன செய்வார் என்பதைச் சற்று அருகில் பார்க்கலாம். கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இதற்காக ஒரு கணக்கு வகுத்துக் கொடுத்திருக்கிறது. தோட்டத்தின் பரப்பை வேலியின் நீளத்தால் வகுத்தால் தோட்டத்தின் பயனுறு ஆழம் கிடைக்கும். வேலி எந்தத் திசையில் நிற்கிறதோ அதற்கேற்ற எண்ணால் அதைப் பெருக்க வேண்டும். வேலி தோட்டத்துக்குத் தெற்கே நின்றால் அந்த எண் மிகக் குறைவு: 0.25. வடகோளத்தில் வெயில் தெற்கிலிருந்து சாய்ந்து வருவதால் தெற்கு வேலிக்குக் கண்டிப்பு அதிகம். வடக்கில் நிற்கும் வேலிக்குச் சலுகை அதிகம். 10 மீட்டர் அகலமும் 12 மீட்டர் ஆழமும் உள்ள ஒரு தோட்டத்தின் தெற்கு எல்லை முழுவதும் வேலி இருப்பதாக வைத்துக்கொள்வோம். 120ஐ 10ஆல் வகுத்தால் 12, அதை 0.25ஆல் பெருக்கினால் 3. ஆக 3 மீட்டருக்கு மேலுள்ள பகுதி, வெளிச்சத்தை அளவுக்கு மீறி மறைப்பதாகக் கொள்ளப்படும். சன்னலுக்குத் தனிக் கணக்கு: சன்னலுக்கும் வேலிக்கும் உள்ள தூரத்தில் பாதி, அதோடு 1 மீட்டர். அந்த வீட்டின் சன்னல் 12 மீட்டர் தள்ளி இருந்தால் விடை 7 மீட்டர். இரண்டில் குறைந்ததே எடுத்துக்கொள்ளப்படும்.

இந்தக் கணக்கின் அழகு, அது வேலியை மட்டும் அளக்காததில் இருக்கிறது. ஒரே 3 மீட்டர் வேலி ஒரு தோட்டத்தில் தொல்லை, இன்னொன்றில் இல்லை. ஒரே எண்ணை எல்லோர் தலையிலும் கட்டியிருந்தால் இந்த வேறுபாடு அடிபட்டுப் போயிருக்கும்.

அப்படிக் கட்டக் கூடாது என்பதற்கு வேறு காரணமும் உண்டு. உயிர்வேலி எல்லா இடத்திலும் தொல்லையாகக் கருதப்படுவதில்லை. 1907இல் லண்டனின் வடக்கே ஹென்ரியட்டா பார்னெட் தொடங்கிய ஹாம்ப்ஸ்டெட் தோட்டப் புறநகரில், மனைகளைப் பிரிப்பது சுவராக இருக்கக் கூடாது, செடிவேலியாக இருக்க வேண்டும் என்பது தொடக்கக் கொள்கைகளில் ஒன்று. வேலியைப் பிடுங்கிவிட்டுச் சுவர் எழுப்ப நினைப்பவர் அங்கே இன்றும் எளிதில் தப்ப முடியாது. நாட்டுப்புறத்தில் நிலைமை இன்னும் நேரெதிர். 1997ஆம் ஆண்டின் வயல்வேலி விதிகளின்படி விவசாயி தன் நிலத்து நெடுவேலியை அகற்ற முன்கூட்டியே கவுன்சிலுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். 30 ஆண்டுக்கு மேற்பட்டு நிற்கும், வரலாற்று மதிப்போ உயிரின வளமோ கொண்ட வேலி என்றால் கவுன்சில் தடுத்துவிடலாம். அந்த விதிகள் குடியிருப்பு வீட்டின் எல்லை வேலிக்குப் பொருந்தாது என்று தெளிவாகவே எழுதப்பட்டிருக்கிறது. பறவை கூடு கட்டியிருந்தால் 1981ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் எந்த வேலியையும் காக்கும். அதனால் வெட்டச் சொல்லும் நோட்டீஸ்கூட மார்ச் முதல் ஆகஸ்ட் வரையிலான கூடு கட்டும் பருவத்தை மனத்தில் வைத்தே எழுதப்படுகிறது. வயலில் வேலிக்குக் காவல், வீட்டில் வேலிக்கு எதிராகக் காவல் என்று ஒரே நாட்டுச் சட்டம் இரு பக்கமும் நிற்கிறது. இதில் முரண் இல்லை. செடி அதே செடிதான். அதன் நிழல் யார்மேல் விழுகிறது என்பதுதான் வேறு.

சிக்கல் அடுத்த படியில்தான் தொடங்குகிறது. கவுன்சில் நோட்டீஸ் அனுப்பலாம். ஆனால் வேலியை 2 மீட்டருக்குக் கீழே குறைக்கச் சொல்லவோ அடியோடு அகற்றச் சொல்லவோ முடியாது. லேலாண்டியின் இயல்பு இங்கே குறுக்கே வருகிறது. பச்சை இலை உள்ள பகுதியில் வெட்டினால் துளிர்க்கும். பழுப்பேறிய பழைய கட்டையில் வெட்டினால் பெரும்பாலும் துளிர்க்காது. ஒரேயடியாக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டினால் மரம் பட்டுப்போக வாய்ப்பு அதிகம் என்பது தோட்டக்காரர்கள் அறிந்தது. பட்டுப்போகும்படி வெட்டச் சொல்வதும் அகற்றச் சொல்வதும் நடைமுறையில் ஒன்றே என்பதால் கவுன்சில்கள் தயங்குகின்றன. விளைவு என்ன? மேலே சொன்ன தோட்டத்தில் கணக்கு 3 மீட்டர் என்கிறது. வேலி 4 மீட்டரில் இருக்கும்போதே புகார் வந்திருந்தால் 3க்கு வெட்டச் சொல்வதில் தடையில்லை. 9 மீட்டர் ஆனபின் வந்த புகாருக்கு 6 மீட்டர் என்ற சமரசமே மிஞ்சலாம். அதிக காலம் கவனிக்காமல் விட்டவருக்கு அதிக உயரம் கிடைக்கிறது. பொறுத்துப்போன பக்கத்து வீட்டார் தம் பொறுமைக்காகத் தண்டிக்கப்படுகிறார்.

பொறுமையைச் சட்டமே வற்புறுத்துகிறது என்பதுதான் இன்னும் வருத்தம். சமரசத்துக்கான நியாயமான வழிகளையெல்லாம் முயன்று பார்க்காத புகாரைக் கவுன்சில் தள்ளிவிடலாம். பேசிப் பார், கடிதம் எழுது, நடுவரை அழை என்பது நல்ல அறிவுரை. ஆனால் ஆண்டுக்கு 1 மீட்டர் வளரும் மரத்தின் முன்னால் ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு விலை உண்டு. அதோடு புகார் கொடுப்பவரே கட்டணமும் கட்ட வேண்டும். இங்கிலாந்தில் அதை அந்தந்தக் கவுன்சில் முடிவு செய்கிறது. பல இடங்களில் சில நூறு பவுண்டுகள். வேல்ஸில் உச்சம் 320 பவுண்டு. புகார் வென்றாலும் இங்கிலாந்தில் அந்தப் பணத்தை வேலிக்காரரிடமிருந்து வசூலித்துத் தரச் சட்டம் வழி செய்யவில்லை. வடஅயர்லாந்தின் 2011ஆம் ஆண்டுச் சட்டம் பணம் திரும்பக் கிடைக்க இடம் வைத்திருக்கிறது; இந்த ஒன்றிலாவது லண்டன் பெல்ஃபாஸ்டைப் பின்பற்றலாம்.

பிரான்ஸ் இதே பிரச்சினையை மறுமுனையிலிருந்து அணுகியது. அதன் குடிமைச் சட்டத் தொகுப்பின் 671ஆம் விதிப்படி, 2 மீட்டருக்கு மேல் வளரவிடும் செடியை எல்லையிலிருந்து 2 மீட்டர் உள்ளே தள்ளி நட வேண்டும். அதற்குக் குறைவானதை அரை மீட்டர் தள்ளி. உள்ளூர் விதியோ நிலைபெற்ற வழக்கமோ இருந்தால் அதற்கே முன்னுரிமை. தவறினால் பிடுங்கவோ குறைக்கவோ சொல்லும் உரிமை பக்கத்து வீட்டாருக்கு உண்டு. 30 ஆண்டுகள் பேசாமல் இருந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். இந்த முறையில் மரம் நடும் நாளிலேயே கேள்வி எழுகிறது, வளர்ந்தபின் அல்ல. இங்கிலாந்தின் குறுகிய புறநகர் மனைகளில் 2 மீட்டர் விடுவது பலருக்கு முடியாத காரியம் என்ற மறுப்பு நியாயமானதே. அதை அப்படியே பெயர்த்துக் கொண்டுவர முடியாது. ஆனால் நடும்போதே விதி பேச முடியும் என்பதை அது காட்டுகிறது.

இங்கிலாந்துச் சட்டத்திலும் அதற்கான விதை ஏற்கெனவே இருக்கிறது. கவுன்சில் அனுப்பும் நோட்டீஸில் இரண்டு பகுதிகள் உண்டு. முதலாவது உடனடியாக வெட்டச் சொல்வது. இரண்டாவது, அதன்பின் இந்த உயரத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள் என்பது. மறுபடி வளர இடம் விட்டு, குறித்த உயரத்துக்கும் கீழே முதலில் வெட்டும்படி எழுதுவார்கள். வீடு கைமாறினாலும் நோட்டீஸ் காலாவதியாகாது; நிலப் பொறுப்புப் பதிவேட்டில் ஏறி, அடுத்து வரும் ஒவ்வொரு உரிமையாளரையும் குடியிருப்பவரையும் கட்டுப்படுத்தும். மீறினால் 1,000 பவுண்டு வரை அபராதம். அதன்பிறகும் அசையாவிட்டால் கவுன்சிலே ஆள் அனுப்பி வெட்டிச் செலவை வசூலிக்கலாம். வளர்ச்சியை வளர்ச்சியாகப் பார்க்கும் இந்த இரண்டாம் பகுதி, தகராறு முற்றி, கட்டணம் கட்டி, தீர்ப்பு வந்தபின்தான் உயிர் பெறுகிறது. புதுக் குடியிருப்புகளுக்கு அனுமதி கொடுக்கும்போது எந்தச் செடியை எங்கே நட வேண்டும் என்று கவுன்சில்கள் நிபந்தனை விதிப்பது இன்றும் நடக்கிறது. அந்த நிபந்தனைப் பட்டியலில் பராமரிப்பு உயரத்தையும் சேர்த்து, அதே பதிவேட்டில் ஏற்றிவிட்டால், வேலி 2 மீட்டரைத் தொடுவதற்கு முன்பே கேட்க ஒருவருக்கு உரிமை இருக்கும். பழைய தெருக்களுக்கு இது உதவாது. அங்கே குறைந்தபட்சம் முதல் கடிதம் எழுதிய நாளில் வேலி இருந்த உயரத்தைக் கணக்கின் தொடக்கமாக எடுத்துக்கொண்டு, அதற்குமேல் வளர்ந்ததை வேலிக்காரர் பொறுப்பில் விட வழிகாட்டுதலைத் திருத்தினால் போதும். அதற்கு நாடாளுமன்றம் வரை போக வேண்டியதில்லை.