யெலோஸ்டோனின் நீர்வெப்ப வெடிப்புகள்

நிலத்துக்கு அடியில் மிகுந்த சூட்டில் அடைபட்டுள்ள நீர் திடீரென நீராவியாக மாறி, மேலே உள்ள பாறையையும் சேற்றையும் பெயர்த்துக்கொண்டு வெளிப்படுவதே நீர்வெப்ப வெடிப்பு எனப்படுகிறது. இது எரிமலை வெடிப்பு அன்று. இதில் பாறைக்குழம்பு மேலே வருவதில்லை. அது ஆழத்தில் இருந்தபடியே அடுப்பாக மட்டும் செயல்படுகிறது. அமெரிக்காவில் 1872இல் அமைக்கப்பட்ட யெலோஸ்டோன் தேசியப் பூங்காவில் இத்தகைய வெடிப்புகளின் தடயங்கள் ஏராளமாக உள்ளன. யெலோஸ்டோன் என்றதும் ஊடகங்கள் அதன் பெரும் எரிமலை எப்போது வெடிக்கும் என்றே பேசுகின்றன. ஆனால் அங்கே கடைசியாக எரிமலைக்குழம்பு வழிந்தது ஏறத்தாழ 70,000 ஆண்டுகளுக்கு முன்பு. நீராவி வெடிப்போ சிறிய அளவில் ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை நிகழக்கூடியது. பார்வையாளர் உண்மையில் அஞ்ச வேண்டியது இதற்குத்தான்.

வெடிப்பு நிகழும் விதத்தைப் பிரஷர் குக்கரைக் கொண்டு எளிதில் விளங்கிக்கொள்ளலாம். அழுத்தம் கூடினால் நீரின் கொதிநிலையும் கூடும். யெலோஸ்டோன் கடல் மட்டத்திலிருந்து உயரமான இடம் என்பதால் அங்கே தரையில் நீர் ஏறத்தாழ 93 பாகை செல்சியசிலேயே கொதிக்கிறது. நிலத்துக்கு அடியில் 10 மீட்டர் ஆழத்தில், மேலுள்ள நீரின் எடையால், கொதிநிலை 120 பாகையை நெருங்கும். குக்கருக்குள் இருக்கும் வெப்பமும் ஏறக்குறைய இதுவே. 100 மீட்டர் ஆழத்தில் அது 180 பாகையை ஒட்டி இருக்கும். அந்த நீரை அமுக்கிவைத்திருக்கும் அழுத்தம் சட்டென்று குறைந்தால், அதில் ஒரு பகுதி நொடியில் ஆவியாகிவிடும். திறந்த வெளியில் நீராவிக்கு நீரைப்போல 1,600 மடங்குக்கும் மேலான இடம் தேவை. பாறை உடைந்து பறப்பது இதனால்தான்.

பூங்காவின் தொடக்க காலத்தில் இது ஆபத்தாகப் பார்க்கப்படவில்லை, வேடிக்கையாகவே பார்க்கப்பட்டது. எக்செல்சியர் என்ற கெய்சர் 1880களில் ஏறத்தாழ 90 மீட்டர் உயரத்துக்கு நீரைப் பீச்சியது, கற்களையும் வீசியது. (கெய்சர் என்பது விட்டுவிட்டுப் பீறிடும் வெந்நீர் ஊற்று. ஐஸ்லாந்தில் உள்ள ஓர் ஊற்றின் பெயரிலிருந்து வந்த இச்சொல்லே நம் குளியலறைக் கீசருக்கும் பெயராயிற்று.) 1888இல் பிராங்க் ஜே ஹெய்ன்ஸ் என்பவர் எக்செல்சியரைப் படம் பிடித்தார். 1890க்குப் பின் அது அடங்கிவிட்டது. 1985 செப்டம்பரில் மட்டும் இரண்டு நாள் அளவுக்கு மீண்டும் சிறிதாகப் பொங்கியது. இன்று அந்த இடத்தில் ஒரு பெரிய பள்ளம் வெந்நீர் நிரம்பி நிற்கிறது.

இந்தப் பள்ளங்களை முறையாக ஆராய்ந்து 1971இல் கட்டுரை வெளியிட்டவர்கள் மஃப்ளர், வைட், டிரூஸ்டெல் என்னும் அறிவியலாளர்கள். பனியுகத்தின் இறுதியில் பனிப்பாறைகளால் தேங்கியிருந்த ஏரி நீர் விரைவாக வடிந்திருக்கும், அதனால் அடியிலிருந்த வெந்நீரின் மேல் அழுத்தம் குறைந்து வெடித்திருக்கும் என்பது அவர்கள் தந்த விளக்கம். குக்கரின் மூடியைச் சட்டென்று திறப்பது போன்ற நிலை இது. யெலோஸ்டோன் ஏரியின் வடகரையில் உள்ள மேரி பே பள்ளம் ஏறத்தாழ 13,800 ஆண்டுகளுக்கு முன் தோன்றியது. இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் அகலமுள்ள இதுவே உலகில் இதுவரை அறியப்பட்ட நீர்வெப்ப வெடிப்புப் பள்ளங்களில் மிகப் பெரியது. அங்கே 100 மீட்டருக்கு மேல் அகலமுள்ள பள்ளங்கள் சராசரியாக 700 ஆண்டுகளுக்கு ஒன்று தோன்றியுள்ளதாகக் கணக்கிடப்பட்டுள்ளது.

அழுத்தம் வேறு வழியிலும் மிகலாம். வெந்நீர் பாறையிலுள்ள சிலிக்காவைக் கரைத்துக்கொண்டு வந்து, மேலே குளிரும்போது படியவிடுகிறது. நாளடைவில் ஊற்றின் வாய் குறுகுகிறது, அடைபட்டும் போகலாம். நாரிஸ் பகுதியிலிருந்த போர்க்சாப் என்ற சிறிய ஊற்றில் இதுதான் நடந்தது. 1985 முதல் அது இடைவிடாமல் நீரைப் பீச்சிக்கொண்டிருந்தது. 1989 செப்டம்பர் 5 அன்று, பார்வையாளர்கள் கண்ணெதிரிலேயே வெடித்தது. ஓர் ஆள் உயரமுள்ள பாறைத் துண்டுகள் பெயர்ந்தன. கற்கள் 60 மீட்டருக்கும் அப்பால் விழுந்தன. எவருக்கும் காயமில்லை.

எல்லா இடங்களிலும் இப்படித் தப்ப முடியவில்லை. நியூசிலாந்தில் 1886இல் தாரவேரா எரிமலை வெடித்த பிளவில் வைமாங்கு என்ற கெய்சர் உருவானது. 1900 முதல் 1904 வரை இயங்கிய அது, சில வேளைகளில் 400 மீட்டர் உயரம் வரை கரிய நீரையும் கற்களையும் வீசியது. 1903 ஆகஸ்டில் அதன் அருகே நின்ற நால்வரைக் கொதிநீர் அடித்துச் சென்றது. 1917இல் அதே பள்ளத்தாக்கில் நிகழ்ந்த மற்றொரு வெடிப்பு, பயணிகள் விடுதியை அழித்து இருவரைக் கொன்றது. எல் சால்வடோர் நாட்டின் அவுவாச்சபான் புவிவெப்பப் பகுதியில் 1990 அக்டோபரில் நிகழ்ந்த வெடிப்பில் 25 பேர் இறந்தனர். அவர்கள் சுற்றுலாப் பயணிகள் அல்லர்; அருகிலேயே குடியிருந்தவர்கள்.

மீண்டும் யெலோஸ்டோனுக்கு வருவோம். அங்கே பிஸ்கட் பேசின் என்றோர் இடம் உள்ளது. அங்குள்ள சபையர் குளத்தைச் சுற்றிப் பிஸ்கட் வடிவில் படிந்திருந்த சிலிக்கா மேடுகளால் வந்த பெயர் அது. 1959 ஆகஸ்ட் 17 இரவு அருகில் ஏற்பட்ட பெரும் நிலநடுக்கத்துக்குப் பின் அக்குளம் வன்மையாகப் பொங்கி, அந்த மேடுகளைப் பெயர்த்துவிட்டது. பெயர் மட்டும் மிஞ்சியது. அதே பகுதியிலுள்ள பிளாக் டயமண்ட் குளம், 2024 ஜூலை 23 காலையில் வெடித்தது. சேறும் கல்லும் கலந்த கரிய புகைத்தூண் 100 மீட்டருக்கும் மேல் எழுந்தது. மரநடைபாதையில் நின்றவர்கள் ஓடித் தப்பினர். பாதையின் ஒரு பகுதி நொறுங்கியது. அவர்கள் எடுத்த காணொளிகளை உலகமே பார்த்தது. வெடிப்புக்கு முன் எச்சரிக்கும் அறிகுறி எதுவும் தென்படவில்லை. இத்தனைக்கும் 2009 மே மாதத்தில் அக்குளத்தில் ஒரு சிறு வெடிப்பைப் புவியியலாளர்கள் நேரிலேயே கண்டிருந்தனர். இம்முறை அப்பகுதி பார்வையாளர்களுக்கு மூடப்பட்டது.

எரிமலைக்கு முன்னறிவிப்பாக நில அதிர்வு, நிலம் உப்புதல் போன்றவை பெரும்பாலும் கிடைக்கும். நீராவி வெடிப்புக்குக் காரணமான அழுத்தமோ தரைக்கு மிக அருகில், ஒரு சிறு இடத்தில் சேர்கிறது. தொலைவிலுள்ள கருவிகளுக்கு அது எட்டுவதில்லை. ஆகவே 2023இல் நாரிஸ் பகுதியிலேயே ஒரு கண்காணிப்பு நிலையம் நிறுவப்பட்டது. நம் காதுக்குக் கேட்காத தாழ்ந்த ஒலியையும் அது பதிவு செய்யும். 2024 ஏப்ரல் 15 அன்று அங்கே ஒரு சிறு வெடிப்பு நிகழ்ந்தது. யெலோஸ்டோனில் கருவியில் இவ்வாறு பதிவான முதல் நீர்வெப்ப வெடிப்பு அதுவே. ஆயினும் அன்று அதை எவரும் அறியவில்லை. பின்னர் அவ்வழியே சென்ற புவியியலாளர்கள் ஒரு புதிய குழியைக் கண்டு, பழைய பதிவுகளைப் புரட்டிப் பார்த்தபோதுதான் அது நிகழ்ந்த நாள் தெரிய வந்தது.