கல்லெறிபட்ட திரை: பி.கே. ரோசியும் நம் நினைவும்



நினைவுப் பேருரை என்றால் ஒருவருடைய படத்துக்கு மாலை போட்டுத் தொடங்குவது நம் வழக்கம். இன்று நாம் நினைவுகூரும் பெண்ணுக்கு அப்படி மாலை போட முடியாது. அவருடையது என்று சுற்றிவரும் புகைப்படம் உண்மையில் அவருடையதுதானா என்பதில் ஆய்வாளர்களிடையே உடன்பாடில்லை. அவர் நடித்த ஒரே திரைப்படத்தின் சுருளும் அழிந்துவிட்டது. மலையாளத் திரையின் முதல் கதாநாயகி பி.கே. ரோசியின் முகம் நம்மிடம் இல்லை. அது எப்படி இல்லாமல் போனது என்ற வரலாறு மட்டும் இருக்கிறது. அதைத்தான் இன்று பேசப்போகிறோம்.

ரோசியின் இயற்பெயர் ராஜம்மா. திருவனந்தபுரம் நந்தன்கோட்டில், புலையர் குடும்பத்தில் 1903 வாக்கில் பிறந்தவர். புல்லறுத்துக் கூலி வேலை செய்தவர். அவர் பிறப்பதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்புதான், 1893-ல், அய்யன்காளி வில்லுவண்டி பூட்டிப் பொதுச்சாலையில் சென்றார். புலையர் நடக்கக் கூடாத சாலை அது. 1907-ல் அவர் சாது ஜன பரிபாலன சங்கத்தைத் தொடங்கினார். 1915-ல் பேரிநாட்டில், அடிமை அடையாளமாகக் கழுத்தில் கிடந்த கல்லுமாலையை நம் பெண்கள் அறுத்தெறிந்தார்கள். அப்போது ராஜம்மா சிறுமி. என்ன உடுத்தலாம், எந்த வழியில் நடக்கலாம் என்பதை எல்லாம் சாதி தீர்மானித்த காலத்தில், அந்தத் தீர்மானத்தை மீறத் தொடங்கிய ஒரு தலைமுறையில் அவர் வளர்ந்தார்.

அவருடைய கலை திரையில் தொடங்கவில்லை. காக்காரிசி நாடகத்தில் தொடங்கியது. சிவனும் பார்வதியும் நாடோடிக் குறிசொல்லிகளாக, காக்கானும் காக்காத்தியுமாக வரும் கூத்து அது. தென் திருவிதாங்கூருக்கே உரியது. தமிழும் மலையாளமும் கலந்த பேச்சு. பெண் வேடத்தையும் ஆண்களே கட்டிய மேடை. அதில் ராஜம்மா பெண்ணாகவே வந்து ஆடினார். மலையாளத் திரைக்கு அவர் அளித்த நடிப்பு, ஏற்கெனவே மேடையில் பழகித் தேர்ந்த நடிப்பு என்பதை நாம் அழுத்திச் சொல்ல வேண்டும். ‘கூலிக்காரப் பெண்ணை யாரோ கண்டெடுத்து நடிக்க வைத்தார்கள்’ என்ற கதையில் அந்தத் தேர்ச்சி காணாமல் போய்விடுகிறது.

அவரைத் திரைக்கு அழைத்தவர் ஜே.சி. டேனியல். இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அகஸ்தீஸ்வரத்தைச் சேர்ந்த கிறிஸ்தவ நாடார். குடும்பச் சொத்தை விற்றுத் திருவனந்தபுரத்தில் ‘திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கி, ‘விகதகுமாரன்’ என்ற மௌனப் படத்தை எடுத்தார். எங்கும் புராணக் கதைகள் படமாகிக்கொண்டிருந்தபோது, இலங்கைக்குக் கடத்தப்பட்டுத் தோட்டக் கூலியாக வளரும் ஒரு பிள்ளையைப் பற்றிய சமூகக் கதையை அவர் எடுத்துக்கொண்டார். அதில் நாயர் பெண் சரோஜினியாக நடித்தவர்தான் ரோசி. பகலில் படப்பிடிப்பு, மாலையில் காக்காரிசி மேடை, கையோடு கொண்டுவந்த சோறு என்று அவருடைய அந்த நாட்களை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

படம் வெளியான நாளாக 1928 நவம்பர் 7, 1930 அக்டோபர் 23 என இரண்டு தேதிகள் சொல்லப்படுகின்றன. இடம், திருவனந்தபுரம் கேபிட்டல் திரையரங்கு. தொடங்கிவைக்க அழைக்கப்பட்டவர் மள்ளூர் கோவிந்தப் பிள்ளை என்ற புகழ்பெற்ற வழக்கறிஞர். ரோசி வந்தால் தான் வரமாட்டேன் என்றார் அவர். தான் நடித்த படத்தைப் பார்க்க ரோசிக்கு அரங்கில் இடமில்லாமல் போனது. திரையில் அவர் நாயர் பெண்ணாக வந்ததையும், நாயகன் அவர் தலைப் பூவை முத்தமிடுவதையும் கண்ட சாதி இந்துக்கள் கூச்சலிட்டார்கள். திரையின் மீது கல்லெறிந்தார்கள். பிறகு அவருடைய குடிசைக்கும் தீ வைத்தார்கள்.

இங்கே ஒரு கேள்வியை நாம் கேட்டாக வேண்டும். ரோசி செய்த குற்றம் என்ன? பெண் நடித்ததா? பெண்கள் நடிக்கத் தயங்கிய காலம்தான் அது. 1913-ல் பால்கே எடுத்த ‘ராஜா ஹரிச்சந்திரா’வில் அரசியாக நடித்தவர் சாலுங்கே என்ற ஆண். அதற்காக யாரும் கல்லெறியவில்லை. புலையப் பெண் நடித்ததா? அவர் காக்காரிசி மேடையில் ஏற்கெனவே நடித்துக்கொண்டுதான் இருந்தார். குறிசொல்லி வேடத்தில் அவர் ஆடியதைச் சாதி பொறுத்துக்கொண்டது. நாயர் பெண்ணாக வந்ததைத்தான் அதனால் பொறுக்க முடியவில்லை. ஆண் பெண்ணாகலாம், மனிதன் கடவுளாகலாம். புலையப் பெண் மட்டும் நாயர் பெண்ணாகக் கூடாது. ஏனென்றால், ஒரு முண்டையும் பூவையும் வைத்து ஒரு புலையப் பெண் நாயர் பெண்ணாகத் தோன்றிவிட முடியும் என்றால், சாதி பிறப்பில் இல்லை, வேடத்தில் இருக்கிறது என்று ஆகிவிடும். அன்று அரங்கில் எழுந்த ஆத்திரத்தின் வேர் இதுதான்.

டேனியல் பிறந்த சமூகத்தின் வரலாற்றையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அவருடைய முன்னோர் காலத்தில் நாடார் பெண்கள் மார்பை மறைக்க உரிமை கேட்டுப் போராடினார்கள். 1859-ல்தான் அரசு ஆணை வந்தது. தோள்சீலையின் மீது விழுந்த கையும் திரையின் மீது விழுந்த கல்லும் ஒரே சட்டத்தைத்தான் காவல் காத்தன: தாழ்த்தப்பட்ட பெண்ணின் உடல் எப்படித் தெரிய வேண்டும் என்பதை நாங்களே முடிவு செய்வோம் என்ற சட்டத்தை.

ரோசி ஊரைவிட்டு ஓடினார். ஒரு லாரியில் ஏறித் தப்பினார் என்றும், அந்த லாரியின் ஓட்டுநர் கேசவப் பிள்ளையையே மணந்து நாகர்கோவிலில் வாழ்ந்தார் என்றும் பதிவுகள் சொல்கின்றன. ‘தமிழ்நாட்டுக்கு ஓடிவந்தார்’ என்று பலரும் எழுதுகிறார்கள். அன்று நாகர்கோவில் திருவிதாங்கூருக்குள்தான் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்றுதான் அது தமிழகத்தோடு இணைந்தது. அவர் ஒரே மன்னரின் ஆட்சிக்குள், ஒரே சாதிச் சட்டத்தின் கீழ்தான் இடம் மாறினார். அவரைக் காத்தது எல்லைக்கோடு இல்லை. மறைவும், ராஜம்மாள் என்ற பெயரும், கணவரின் சாதியும்தான் காத்தன. திரையில் ஒருமுறை சாதி மாறியதற்கு அவரைத் துரத்தினார்கள். உயிர் வாழ்வதற்காக, வாழ்நாள் முழுவதும் அதே வேடத்தை அவர் தொடர வேண்டியிருந்தது.

அவர் மறைந்திருந்த காலத்தில் ஆவணக் காப்பகம் என்ன செய்தது? மலையாளத்தின் இரண்டாவது படமான ‘மார்த்தாண்டவர்மா’ 1933-ல் வெளியானது. நாவலின் பதிப்புரிமை வழக்கில் அதன் சுருள் பிடித்துவைக்கப்பட்டது. அதனாலேயே அது பிழைத்து, இன்று தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. ஓர் அரசனின் கதைக்கு உரிமை கோர ஆளிருந்தது. ரோசியின் முகத்துக்கு உரிமை கோர யாருமில்லை. டேனியலையே அரசு நெடுங்காலம் அங்கீகரிக்கவில்லை. 1975-ல் வறுமையில் இறந்தார். அவருக்காக எழுதிப் போராடியவர் பத்திரிகையாளர் சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன். ரோசியைத் தேடி எழுதியவர்களில் முதன்மையானவர் குன்னுகுழி எஸ். மணி. டேனியல் பெயரில் கேரள அரசு 1992 முதல் விருது வழங்குகிறது. 2013-ல் வந்த ‘செல்லுலாய்டு’ படத்தின் நாயகனும் டேனியலே. ரோசியின் பெயரை மீட்டவர்கள் தலித் எழுத்தாளர்களும் பெண் கலைஞர்களும்தான். 2019-ல் மலையாளத் திரைப்பெண்கள் தங்கள் திரைப்படக் கழகத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். சென்னையில் நீலம் பண்பாட்டு மையம் அவர் பெயரில் திரைப்பட விழா நடத்துகிறது.

தோழர்களே, இந்த மீட்பில் ஒரு சங்கடமும் உண்டு. மறைந்து வாழ்ந்த ஒருவரை நாம் வெளிச்சத்துக்கு இழுக்கிறோம். அவர் தன் கடந்த காலத்தைப் பேசாமல் இருந்ததைக் கோழைத்தனம் என்றோ துரோகம் என்றோ சொல்ல நமக்கு உரிமையில்லை. அந்த மௌனம் அவருடைய தற்காப்பு. நாம் தேட வேண்டியது அவருடைய குடும்பத்தின் முகவரியை அல்ல. அவரை மறைந்து வாழச் செய்தவர்களின் முகவரியைத் தேடுவோம்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ரோசியைப் பாவப்பட்ட பெண்ணாக மட்டும் எழுதாதீர்கள். மேடையில் ஆடத் தெரிந்த, கேமராவின் முன் அஞ்சாமல் நின்ற ஒரு தொழில்முறைக் கலைஞராக எழுதுங்கள். அடுத்தமுறை திரையில் நம் பெண்ணின் வேடத்தில் வேறு யாரோ முகத்தில் கருமை பூசிக்கொண்டு வரும்போது, கேபிட்டல் அரங்கை நினைத்துக்கொள்ளுங்கள். மேல்சாதி நடிகை நம் பெண்ணாக நடித்தால் அது நடிப்பு, விருதுக்கு உரியது. நம் பெண் மேல்சாதிப் பெண்ணாக நடித்தபோது அது குற்றமானது. இந்தக் கணக்கு நேராகும்வரை ரோசியின் படம் இன்னும் வெளியாகவில்லை என்றே நாம் கொள்வோம்.

ஜெய் பீம்.